அடுப்படியில் ஒலிக்கும் ஹிப்ஹாப்

கேள்வி இது: "வயது 34, சேலத்தில் இருக்கிறேன். மனைவி வேலைக்குப் போகிறார். இரண்டு வருடமாக வீட்டையும் குழந்தைகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலேஜ் காலத்திலிருந்து ஹிப்ஹாப் என்றால் உயிர். வேலை செய்யும்போது அதைத்தான் போட்டுவிடுவேன். 'குடும்பம் நடத்துகிற வீட்டில் இந்தச் சத்தம் எதற்கு' என்று அப்பா கோபப்படுகிறார். பிள்ளைகள் காதில் அந்த வார்த்தைகள் விழுமே என்று எனக்கும் பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?"

விட வேண்டாம். ஆனால் எதைப் போடுவது, எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ள எனக்கு 11 வருடம் ஆனது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு 47 வயது. மனைவி நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி வரும். மகள் பிளஸ் ஒன், மகன் ஆறாவது, அம்மாவும் எங்களோடுதான். சமையல், துணி, பள்ளிக்கூடம், ரேஷன், பேங்க் எல்லாம் என் பொறுப்பு. மதியம் மூன்று மணி நேரம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இரண்டு கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஹிப்ஹாப் கேட்கத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

முதலில் உங்கள் அப்பாவின் கேள்வி. ஹிப்ஹாப் பிறந்ததே ஒரு குடும்பச் செலவில்தான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520 என்ற எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடம். பள்ளி திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும். சிண்டி கேம்பல் என்ற பெண் அந்தக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தாள். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட அண்ணனைக் கூப்பிட்டாள். அந்த அண்ணன்தான் டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 12 வயதில் அமெரிக்கா வந்தவர். அவர் பயன்படுத்திய ஸ்பீக்கர், அவருடைய அப்பா ஓர் இசைக்குழுவுக்காக வாங்கி வைத்திருந்தது. தங்கையின் பள்ளித் துணிக்காக, அப்பாவின் ஸ்பீக்கரில் அண்ணன் பாட்டுப் போட்டார். இதைவிடக் குடும்பத்துக்குள் பிறந்த இசை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஹெர்க் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார். பாட்டு முழுவதும் ஓடினாலும், குரலும் மற்ற வாத்தியங்களும் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் தனியாக வரும் சில விநாடிகளில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது. அந்த இடத்துக்கு 'பிரேக்' என்று பெயர். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, இரண்டு பிளேயரில் வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே இடத்தைத் தொடங்கினார். இது முடிவதற்குள் அதைப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்வார். சில விநாடித் தாளத்தை எத்தனை நிமிடத்துக்கு வேண்டுமானாலும் நீட்டலாம். இந்த வித்தைக்கு அவர் வைத்த பெயரின் பொருள் ராட்டினம். அதன் பின் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் வந்தார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். ரெக்கார்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, எத்தனை சுற்றுப் பின்னால் போனால் பிரேக் தொடங்கும் என்று கணக்காக வைத்துக்கொண்டார். ரெக்கார்டைக் கையால் தேய்த்து எடுக்கிறார்களே, 'ஸ்க்ராட்ச்' என்ற அந்தச் சத்தம், அது கிராண்ட் விஸார்ட் தியோடர் சிறுவனாக இருந்தபோது வீட்டிலேயே பிறந்தது. அம்மா வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்ல, ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டைக் கையால் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பதில் சொன்னாராம். கைக்கு அடியில் ரெக்கார்டு முன்னும் பின்னும் அசைந்த சத்தம் பிடித்துப்போனது. 1975 வாக்கில் நடந்ததாக அவரே சொன்ன கதை இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாத சங்கதி இல்லை. சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் மாமா மைக் செட் வைத்திருந்தார். ஆடி வந்தால் எட்டுப்பேட்டை மாரியம்மன் கோயில்களிலும் பண்டிகை, மாமாவைப் பிடிக்கவே முடியாது. வண்டி வேடிக்கை அன்று சாமி வேஷம் கட்டியவர்களைச் சுமந்து வண்டிகள் வரும். தெரு முனையில் குழாய் ஸ்பீக்கர் அலறும். சில பாட்டுகளில் உருமியோ பம்பையோ தனியாக அதிரும் ஓர் இடம் வரும். அது முடிந்ததும் ஆடுகிற கூட்டம், "இன்னொருக்கா போடுங்கண்ணே!" என்று கத்தும். மாமா முள்ளைத் தூக்கி, ரெக்கார்டின் மேல் குனிந்து, அந்த இடத்துக்குச் சரியாக இறக்குவார். ஒரு விநாடி 'கர்ர்' என்று கேட்கும், உடனே உருமி. நான் பக்கத்தில் ஜெனரேட்டர் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஹெர்க்கைப் பற்றி முதல்முறை படித்தபோது எனக்கு அந்த 'கர்ர்' சத்தம்தான் காதில் கேட்டது. ஜமைக்காவிலும் தெருவில் ஸ்பீக்கர் அடுக்கிப் பாட்டுப் போடும் வழக்கம்தான் ஹெர்க்கின் வேர். உங்கள் அப்பா சேலத்துக்காரர் என்றால் அவரும் ஏதோ ஒரு ஆடியில் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்.

சரி, அடுப்படிக்கு வருகிறேன்.

பழைய ஹிப்ஹாப் பாட்டுகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 85 முதல் 100 தட்டுக்குள் ஓடும். 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு தட்டு சேர்ந்தால் ஒரு 'பார்', அதாவது ஒரு சுற்று. தாளத்தோடு ஒட்டி, பேசுவதுபோல் வரிகளைச் சொல்வதுதான் ராப். ராப் பாடுபவர் ஒரு சரணம் எழுதினால் வழக்கமாக 16 பார். மொத்தம் 64 தட்டு, 43 விநாடிக்குச் சற்றுக் குறைவு. அதன் பிறகு 8 பார் பல்லவி, இன்னும் 21 விநாடி. எங்கள் வீட்டு இரும்புக் கல்லில் மிதமான தீ வைத்து, சரணம் தொடங்கும்போது மாவை ஊற்றித் தேய்த்தால், சரணம் முடியும்போது தோசையின் ஓரம் எழும்பி நிற்கும். பல்லவி முடிய எடுத்துவிடலாம். காலையில் எட்டு தோசை என்றால் எட்டு சுற்று. கடிகாரத்தைப் பார்ப்பதை நான் நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது. வெங்காயம் நறுக்கவும் பாத்திரம் துலக்கவும் இந்த வேகம்தான் கைக்கு ஒத்து வருகிறது. இப்போது வரும் ட்ராப் வகை ஹிப்ஹாப் பாட்டுகளில் ஹைஹாட் என்ற ஜால்ரா போன்ற தட்டின் சத்தம் பொடிப்பொடியாக விழும், கை தானாக வேகமெடுக்கும். கத்தி பிடிக்கும் நேரத்தில் அதைப் போடாதீர்கள்.

தாளிக்கும்போது பாட்டை நிறுத்திவிட வேண்டும். கடுகு வெடித்து அடங்குவதையும், உளுத்தம்பருப்பு சிவக்கிறபோது எண்ணெயின் சத்தம் மாறுவதையும் காதால்தான் பிடிக்க முடியும். குக்கர் விசில் எண்ணும்போதும் அப்படியே. ஒரு நாள் இயர்போன் மாட்டிக்கொண்டு விசிலைத் தவறவிட்டு, பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த வாடை. நைட் ஷிப்ட் முடிந்து பசியோடு வந்த மனைவி அன்று வெறும் தயிர்சோறுதான் சாப்பிட்டாள். அதிலிருந்து அடுப்புப் பக்கம் இயர்போனே கிடையாது. பிள்ளை கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், அதுவும் ஒரு காரணம். சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கி ஜன்னல் ஓரம் வைத்துவிடுங்கள்.

வீட்டு வேலையில் ஆளைச் சோர வைப்பது, முடித்த வேலை மறுநாள் அப்படியே திரும்ப வந்து நிற்பதுதான். அதே உளுந்து ஊறல், அதே காலர் அழுக்கு, அதே டிபன் டப்பா மூடி காணவில்லை. முதல் இரண்டு வருடம் எனக்கு இது பெரிய பாரமாக இருந்தது. இதற்கு வழி காட்டியது இந்த இசைதான் என்று மனதாரச் சொல்வேன். ஹிப்ஹாப்பில் இரண்டு அல்லது நாலு பார் கொண்ட ஒரே துண்டு பாட்டு முழுக்கச் சுற்றி வரும். அதுதான் 'லூப்'. நல்ல தயாரிப்பாளர் அந்தத் துண்டை மாற்ற மாட்டார். எட்டு பாருக்கு ஒரு முறை பேஸை, அதாவது அடியில் ஓடும் கனமான ஒலியை, எடுத்துவிடுவார், ஒரே ஒரு தட்டை விழவிடாமல் நிறுத்துவார், எங்கிருந்தோ ஒரு மணிச் சத்தத்தை நுழைப்பார். கேட்பவனுக்கு அலுக்காது. நானும் வாரத்தை அப்படித்தான் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர், மாதம் ஒரு முறை லீ பஜாரில் மளிகை, வாரம் இரண்டு நாள் உழவர் சந்தை, காவிரித் தண்ணீர் வரும் நாளில் டிரம், தொட்டி எல்லாம் நிரப்பி வைப்பது. இது அசையாத சட்டம். அதற்குள் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று மாறும். புதன்கிழமை என்ன குழம்பு என்று மகன்தான் சொல்வான். மாதத்தில் ஒரு சாயங்காலம் சமையலே இல்லை, நடந்து போய் ஆளுக்கொரு தட்டுவடை செட். மாம்பழக் காலத்தில் இரண்டு நாள் மதியம் மாம்பழமும் தயிர்சோறும் மட்டும்.

செலவை நோட்டில் எழுதுங்கள், மொபைலில் வேண்டாம். நோட்டு அடுப்படியில் தொங்கினால் வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, யூனிட் கூடக் கூட விலையும் ஏறும். மாதம் ஒரு முறை மீட்டரைப் பார்த்து எழுதி வைத்தால் கடைசி வாரத்தில் திடுக்கிட வேண்டாம்.

இன்னொன்றும் நீங்கள் சந்திப்பீர்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "அம்மா வரலீங்களா?" என்பார்கள். மகள் நாலாவது படிக்கும்போது ஒரு டீச்சர், அவள் முடி பின்னியிருந்தது சரியில்லை என்பதை என்னிடம் சொல்லாமல், அம்மாவிடம் சொல்லச் சொல்லி டைரியில் எழுதி அனுப்பினார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. அடுத்த ஒரு வாரம் அம்மாவிடம் உட்கார்ந்து இரட்டைப் பின்னல் கற்றுக்கொண்டேன். மூன்று கால் எடுத்து மாற்றி மாற்றிப் போடும்போது கைக்கு ஒரு தாளம் வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் தளர்ந்துவிடும். மகளை முன்னால் உட்கார வைத்து, வாயாலேயே டிரம்ஸ் போட்டபடி பின்னுவேன். அவள் அதற்குத் தலையாட்டினால் பின்னல் கோணும், அதனால் காலை மட்டும் ஆட்டுவாள்.

இப்போது வார்த்தைகள். உங்கள் பயம் நியாயமானது. ஆங்கில ராப்பில் நிறையப் பாட்டுகளைச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் போடவே கூடாது. அமெரிக்காவிலேயே 1985இல் பெற்றோர்கள் இதைப் பெரிய பிரச்சினையாக எழுப்பினார்கள், அதன் பிறகுதான் ஆல்பங்களின் மேல் கறுப்பு வெள்ளையில் ஓர் எச்சரிக்கை முத்திரை வந்தது. இன்றைய பாட்டுச் செயலிகளில் அப்படிப்பட்ட பாட்டுக்குப் பக்கத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், அவற்றை ஒட்டுமொத்தமாக மறைக்கும் வசதியும் உண்டு. பல பாட்டுகளுக்கு வானொலிக்காகச் சுத்தம் செய்த பதிப்பும் கிடைக்கும். ஆனால் இதெல்லாம் பாதி வேலைதான். எந்தப் பாட்டையும் ஒரு முறை தனியாக முழுசாகக் கேட்காமல் வீட்டில் போடுவதில்லை என்பது என் பழக்கம். பெண்களை இழிவாகப் பேசும் பாட்டு, தாளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வீட்டுக்குள் வராது.

அதை மகளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "நம்ம சினிமாப் பாட்டுல மட்டும் என்னப்பா இருக்கு?" அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து இரண்டுக்கும் ஒரே அளவுகோல். சில தமிழ்ப் பாட்டுகளும் என் பட்டியலிலிருந்து போயின. ராப் பாடும் பெண்களான குயீன் லத்தீஃபா, லாரின் ஹில் இருவரையும் அவளுக்கு அறிமுகப்படுத்தினேன். லாரின் ஹில்லின் 1998 ஆல்பம்தான் அமெரிக்காவின் கிராமி இசை விருதுகளில் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்ற விருதை வென்ற முதல் ஹிப்ஹாப் ஆல்பம். அதில் தன் கைக்குழந்தையைப் பற்றி அவர் பாடியது ஒன்று இருக்கிறது. அதை என் மனைவி கேட்டுவிட்டு, பொருள் கேட்டு, இன்னொரு முறை போடச் சொன்னாள்.

கோபமான பாட்டுகளை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம், வயது வரட்டும். பிராங்க்ஸின் நடுவே நெடுஞ்சாலை போட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களை வெளியேற்றினார்கள். எழுபதுகளில் வீடுகள் வரிசையாக எரிந்தன, அவற்றில் இன்சூரன்ஸ் பணத்துக்காக உரிமையாளர்களே கொளுத்தியவையும் உண்டு. அந்தத் தெருவில் வளர்ந்தவன் மைக்கைப் பிடித்தால் என்ன பேசுவான்? 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' வந்தபோதுதான், கொண்டாட்டத்துக்கு மட்டும் என்றிருந்த ராப் தெருவின் நிலைமையையும் பேசும் என்று உலகத்துக்குத் தெரிந்தது. மகளுக்கு 15 வயதானபோது உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

தமிழுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1994இல் ரகுமான் இசையில் 'பேட்டை ராப்' வந்தபோது எனக்கு 16 வயது, ஒரு கேசட் தேயும்வரை கேட்டேன். 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழு இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப் ஆக்கினார்கள். அதன் பிறகு ஹிப்ஹாப் தமிழா, பாடகர் அறிவு என்று நீண்டுகொண்டே போகிறது. நல்லவற்றையும் சுமாரானவற்றையும் பிரிக்க என்னிடம் ஒரு சோதனை உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் வரிக்கு வரி 'கிறேன், கிறேன்' என்று முடித்தாலே இயைபு, அதாவது கடைசி ஒலி ஒன்றுவது, வந்துவிடும். அதில் உழைப்பு இல்லை. நம் மரபு அடியின் தொடக்கத்தில்தான் வேலை செய்யும். 'அகர முதல' என்று தொடங்கினால் அடுத்த அடி 'பகவன்' என்று இரண்டாம் எழுத்தில் ஒன்ற வேண்டும், அது எதுகை. 'அகர', 'ஆதி' என்று முதலில் ஒன்றினால் மோனை. முன்னால் எதுகையும், நடுவில் மோனையும், கடைசியில் இயைபும் வைத்து எழுதுகிறவர் எழுதத் தெரிந்தவர். ஆங்கிலத்தில் வரிக்கு நடுவிலேயே ஒலிகளைக் கோத்துக் காட்டி எல்லோரையும் மாற்றியவர் அமெரிக்க ராப் பாடகர் ராகிம், 1987இல். அவர் சாக்ஸபோன் வாசித்தவர், அந்த மூச்சுதான் அவருடைய வரிகளில் இருக்கிறது.

மூச்சு என்றதும் போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருகிறது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்தபடி திருப்புகழ் சொல்லிக்கொண்டிருந்தார், 'முத்தைத்தரு பத்தித் திருநகை, அத்திக்கிறை சத்திச் சரவண'. மகன் காலி எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்து வைத்து, நான் சொல்லிக்கொடுத்த நாலு தட்டைப் போட்டான். ஒட்டவில்லை. முதல் அடிக்குச் சரியாக இருப்பதுபோல் தெரியும், அடுத்த அடி தொடங்கும்போது தட்டு விலகிப் போகும். "பாட்டி தப்பாப் பாடுறாங்கப்பா" என்றான். அம்மா தப்பாகப் பாடவில்லை. 'முத்தைத்தரு' மூன்று தட்டு, 'பத்தித்திருநகை' நாலு தட்டு, ஆக ஏழு. மகன் போட்டதோ நாலும் நாலும் எட்டு. அவனிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். பிறகு அம்மாவிடம், "ஒவ்வொரு அடி முடிஞ்சதும் ஒரு மூச்சு விட்டுட்டு அடுத்ததைத் தொடங்குங்கம்மா" என்றேன். விட்டார். ஏழும் ஒரு மூச்சும் எட்டு. அண்டாவின் மேல் அவன் போட்ட முதல் தட்டில் 'அத்திக்கிறை' வந்து உட்கார்ந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அம்மா நிறுத்தாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினார். அறுநூறு வருடப் பழைய சந்தம், என் பிள்ளையின் கைத்தட்டில். மாவு கொஞ்சம் அதிகமாகவே அரைபட்டுவிட்டது, இட்லி என்னவோ நன்றாகத்தான் வந்தது.

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து இந்த இசையில் என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்க ராப் பாடகர் நாஸின் பாட்டைக் கேளுங்கள். 1994இல் வந்த 'இல்மாட்டிக்' அவருடைய முதல் ஆல்பம், அப்போது வயது 20. அதில் ஒரு பாட்டின் கடைசியில் கார்னெட் என்ற, ட்ரம்பெட் போன்ற ஊதுகருவியை வாசித்திருப்பவர் அவருடைய அப்பா ஓலு டாரா, ஜாஸ் கலைஞர். மகன் பாடி முடித்த பிறகு அப்பா பேசாமல் ஊதிக்கொண்டே போவார். 18 வருடம் கழித்து, ஒரு மகளுக்கு அப்பாவாக நாஸே தன் கவலையையும் குற்ற உணர்வையும் வைத்து ஒரு பாட்டு எழுதினார். அதை முதலில் நீங்கள் மட்டும் கேளுங்கள்.

உங்கள் அப்பாவிடம் வாதம் செய்ய வேண்டாம். பிராங்க்ஸ் கதையையும் முதல் நாளே சொல்ல வேண்டாம். சாயங்காலம் காபி கொடுக்கும்போது, அவர் வயதில் மைக் செட்டில் திரும்பத் திரும்பப் போடச் சொன்ன பாட்டு எது என்று கேளுங்கள். நிச்சயம் ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுத்து முழுசாகப் போடுங்கள், அவர் கேட்கட்டும். அதில் பாட்டுக் குரல் நின்று தாளம் மட்டும் வரும் இடம் எங்கே என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை அந்த இடம் முடியும்போது சட்டென்று பின்னால் இழுத்து, அதையே மறுபடி போடுங்கள். அப்புறம் அவர் காலைப் பாருங்கள்.